நேற்றைய நான் யார்? தன்வரலாறும் பௌத்த நிலையாமையும்

காந்தி தம் வரலாற்றை எழுதத் தொடங்கிய 1925இல், கடவுள் பக்தி மிக்க நண்பர் ஒருவர் அவரிடம் தம் ஐயத்தைச் சொன்னார். சுயசரிதை எழுதுவது மேல்நாட்டார் வழக்கம். இன்று கொள்கை என்று எழுதிவைப்பதை நாளை நீங்களே கைவிட நேர்ந்தால், அந்த எழுத்தை நம்பி நடந்தவர்கள் என்ன ஆவார்கள்? காந்தி அந்தக் கேள்வியை மூடி மறைக்கவில்லை. நூலின் முன்னுரையிலேயே அதைப் பதிவு செய்தார். தாம் எழுதுவது முறையான சுயசரிதை அன்று, சத்தியத்தோடு தாம் நடத்திய சோதனைகளின் கதைதான் என்று பதிலும் சொன்னார். நவஜீவன் இதழில் 1929 வரை அந்தத் தொடர் வெளிவந்தது.

அந்த நண்பர் கேட்டதை பௌத்தம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தோன்றிய எதுவும் நிலைப்பதில்லை. மாறாத 'நான்' என்று உள்ளே தனியாக ஒன்று உட்கார்ந்திருக்கவும் இல்லை. உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்ற ஐந்து கந்தங்களின் கூட்டத்தையே மனிதன் என்று அழைக்கிறோம். மணிமேகலை படித்த தமிழருக்கு இந்தப் பெயர்கள் புதியவை அல்ல. இப்படி நம்புகிறவர் தன்வரலாறு எழுதுவதே முரண் என்று மேலோட்டமாகப் பார்க்கையில் தோன்றும். ஆனால் நடந்தது வேறு. பாலி மொழியில் பிக்குணிகள் பாடிய பாடல்கள், ஜப்பானியத் துறவிகளின் உரைநடை, இமயமலைக் குகைகளில் எழுதப்பட்ட சுவடிகள், மராத்தியத் தலித்துகளின் தன்வரலாறுகள் என்று பௌத்தம் போன இடமெல்லாம் தன்னைப் பற்றிய எழுத்து செழித்திருக்கிறது.

காரணம் உண்டு என்றே நினைக்கிறேன். நிலையாமை தன்வரலாற்றுக்குப் பகையன்று, காவல். நேற்றைய நான் மீது இன்றைய நான் செலுத்த விரும்பும் அதிகாரத்துக்கு அது ஒரு வரம்பு கட்டுகிறது. அந்த வரம்பு இல்லாத தன்வரலாறு, எழுதும் வேளையில் நமக்கு இருக்கும் கருத்துகளைப் பழைய தேதிகளின் மேல் ஒட்டிவைத்த தொகுப்பாகத்தான் முடியும்.

கொள்கை அளவில் இந்தச் சிக்கலைத் தெளிவாகப் பேசிய நூல் மிலிந்த பஞ்ஹா. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மினாந்தர்தான் மிலிந்தன். மல்லாந்து கிடந்த பச்சைக் குழந்தையும் இன்று அரசனாக அமர்ந்திருக்கும் நீங்களும் ஒருவர்தானா என்று நாகசேனர் கேட்கிறார். இல்லை, அந்தக் குழந்தை வேறு, நான் வேறு என்கிறான் அரசன். அப்படியானால் உங்களுக்குத் தாயும் இல்லை, ஆசிரியரும் இல்லை. குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை பெறுபவன் இன்னொருவன் என்றாகிவிடுமே என்று மடக்குகிறார் நாகசேனர். அவருடைய விடை, ஒருவரும் அல்ல, வேறும் அல்ல என்பது. இடையறாத தொடர்ச்சி மட்டும் உண்டு.

அதே நூலில் ஒரு மாங்காய்த் திருடன் வருகிறான். மரத்துக்காரர் நட்டது ஒரு மாங்கொட்டை, நான் பறித்தது வேறு மாங்காய், ஆகவே நான் அவருடையதைத் திருடவில்லை என்கிறான். அவனைத் தண்டிக்கத்தான் வேண்டும் என்று மிலிந்தன் தயங்காமல் தீர்ப்புச் சொல்கிறான். முந்தையது இல்லாமல் பிந்தையது வந்திருக்காது. தன்வரலாறு எழுத உட்காரும் எவரும் இந்தத் திருடனின் வாதத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். 'அப்போது நான் வேறு ஆளாக இருந்தேன்' என்று எழுதுவது சுலபம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த ஆள் பட்ட கடனை இந்த ஆள்தான் தீர்க்க வேண்டும்.

கொள்கையை விட்டு எழுத்துக்கு வந்தால், முதலில் நிற்பவர்கள் பெண்கள். பாலி மறைநூல்களில் குத்தக நிகாயத்தில் அடங்கிய தேரீகாதை, தொடக்ககாலப் பிக்குணிகளின் பாடல் தொகுப்பு. 73 பாட்டுகள் கொண்டது. உலகில் இன்று கிடைக்கும் மிகப் பழைய பெண் எழுத்துகளில் ஒன்று. வைசாலி நகரத்துக் கணிகையாக இருந்து பிக்குணியான அம்பபாலி 19 செய்யுள்களில் தன் உடலைத் தலைமுடியிலிருந்து தொடங்கி உறுப்பு உறுப்பாகப் பார்க்கிறாள். புருவம், கண், மூக்கு, காது, பல், குரல், கழுத்து, கை, கால் என்று ஒவ்வொன்றும் இளமையில் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகிறாள். அவள் தன் இளமையைப் பழிக்கவில்லை என்பது இதில் என்னை வியக்கவைப்பது. பழைய அழகை முழு அழகாகவே சொல்கிறாள். மனம் மாறிய பின் தன் பழைய வாழ்வைச் சேறு என்று எழுதுவது எங்கும் உள்ள வழக்கம். அம்பபாலி அதைச் செய்யவில்லை. அன்று இருந்தது அன்றைய உண்மை, இன்று இருப்பது இன்றைய உண்மை என்று இரண்டையும் அருகருகே நிறுத்தி விலகிக்கொள்கிறாள்.

தேரீகாதையில் பாடியுள்ள பத்தா குண்டலகேசா நமக்கு ஒருவகையில் உறவு. நம் ஐம்பெருங்காப்பியங்களில் பெரும்பகுதி அழிந்துபோன குண்டலகேசியின் தலைவி அவள்தான். எஞ்சிய சில பாடல்களுள் ஒன்று, குழந்தைப் பருவம், இளமை என்று ஒவ்வொரு பருவமாக நாம் நாள்தோறும் செத்துக்கொண்டே வருவதைச் சொல்லி, பிணத்துக்கு அழுகிற நாம் நமக்காக ஏன் அழுவதில்லை என்று கேட்கிறது. மணிமேகலையில் இதைவிடத் துணிச்சலான ஒரு காட்சி உண்டு. முற்பிறப்பில் ஆபுத்திரனாக இருந்து மணிபல்லவத்தில் உயிர் விட்டவன், சாவக நாட்டில் புண்ணியராசனாகப் பிறந்து அரசாள்கிறான். மீண்டும் அந்தத் தீவுக்கு வந்து, மணலைத் தோண்டி, தன் பழைய உடலின் எலும்புகளையே கண்ணால் பார்க்கிறான். சென்ற வாழ்வை நினைவுகூர்வதைத் தமிழில் இவ்வளவு கூர்மையாகக் காட்டிய இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த எலும்பு அவனுடையதுதான். ஆனால் அவன் அந்த எலும்பு அல்ல. மணிமேகலையை 1898இல் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், பௌத்தத்தை அதற்காகவே தேடிக் கற்ற கதையை என் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். முன்பின் தெரியாத ஒரு சமயத்தின் முன் மாணவராக நின்ற தம்மை அப்படியே காட்டுவதால் அந்தப் பகுதிக்குத் தனி மதிப்பு உண்டு.

ஜப்பானில் 1212இல் கமோ நோ சோமெய் எழுதிய ஹோஜோகி மிகச் சிறிய நூல். சோமெய், கியோத்தோவின் ஷிமோகமோ கோயில் பூசாரிக் குடும்பத்தில் பிறந்தவர். எதிர்பார்த்த பதவி கைக்கு வராமல் ஐம்பது வயதை ஒட்டித் துறவியானார். இறுதியில் அவர் கட்டிக்கொண்ட குடிசை பத்தடிக்குப் பத்தடி. பலகைகளின் பொருத்துகளுக்குக் கொக்கி போட்டிருந்தார். இடம் பிடிக்காவிட்டால் கழற்றி இரண்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். உள்ளே அமிதாப புத்தரின் படம், சில நூல்களும் தாள்களும் வைத்த தோல் போர்த்த கூடைகள், மடக்கி வைக்கக்கூடிய இசைக்கருவிகள். நிலையாமையை நம்பிய மனிதர் தம் வீட்டையே அதற்கேற்பக் கட்டியிருக்கிறார்.

நூலின் முற்பாதி முழுக்கப் பேரிடர்கள். 1177இல் கியோத்தோவை எரித்த தீ, 1180இன் சூறைக்காற்று, அதே ஆண்டு தலைநகரம் திடீரென இடம் மாறியது, அடுத்த இரண்டு ஆண்டுகளின் பஞ்சம், 1185இன் நிலநடுக்கம். பஞ்சத்தில் தெருவில் கிடந்த பிணங்களின் நெற்றியில் ஒரு துறவி சமஸ்கிருத 'அ' எழுத்தை எழுதிக்கொண்டே போனதாகச் சொல்கிறார். இரண்டு மாதங்களில், நகரத்தின் ஒரு பாதியில் மட்டும், அப்படி எண்ணப்பட்டவை 42,300. நிலநடுக்கத்தைப் பற்றி எழுதும்போது இன்னொன்றையும் கவனித்து வைக்கிறார். நடுங்கிய நாட்களில் எல்லாரும் உலகின் பொய்மையைப் பேசினார்கள். மாதங்கள் ஆக ஆக அந்தப் பேச்சு குறைந்தது. ஆண்டுகள் கழிந்தபின் அதைச் சொல்வாரே இல்லை. நிலையாமை பற்றிய உணர்வும் நிலைப்பதில்லை என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன ஞானிகள் குறைவு. எழுதி வைப்பதற்கான தேவையும் அங்கேதான் பிறக்கிறது. கடைசிப் பக்கத்தில் அவர் தம்மையே விசாரிக்கிறார். இந்தச் சிறு குடிசை மீது நான் வைத்திருக்கும் ஆசையும் பற்றுத்தானே? மனம் பதில் சொல்வதில்லை. அமிதாபரின் பெயரை இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டு நூலை முடித்துவிடுகிறார். தெளிவு பெற்றுவிட்டதாக அறிவித்து முடிக்கும் எத்தனையோ நூல்களைவிட, பதில் இல்லாமல் முடியும் இந்தப் பக்கத்தை நான் அதிகம் நம்புகிறேன்.

ஜப்பானியக் கவிஞர் கொபயாஷி இஸ்ஸாவின் துயரம் இதைவிட நெருக்கமானது. 1819ஆம் ஆண்டை முன்வைத்து அவர் எழுதிய ஒரகா ஹாரு நூலில் மகள் சாத்தோ வருகிறாள். அப்போதுதான் ஒரு வயதைத் தாண்டியவள். காற்றாடி வேண்டும் என்று அழுகிறாள். கையில் கொடுத்ததும் வாயில் வைத்துச் சப்பிவிட்டு எறிகிறாள். கதவில் ஒட்டிய தாளைக் கிழிக்கிறாள்; நல்ல பிள்ளை என்று பாராட்டினால் இன்னும் வேகமாகக் கிழிக்கிறாள். சில பக்கங்கள் கழித்து அம்மை நோயில் இறந்துபோகிறாள். உலகம் நிலையற்றது என்ற பாடம் இஸ்ஸாவுக்கு மனப்பாடம். அவர் பக்தியுள்ள பௌத்தர். அந்தப் பாடம் தம் துயரத்தை ஆற்றவில்லை என்பதை ஒரு சிறு கவிதையில் அவர் ஒளிக்காமல் எழுதினார். பௌத்தம் சொல்லும் மாற்றத்தைச் சிலர் மயக்கமருந்துபோல் பயன்படுத்துகிறார்கள்: எல்லாம் போகும், ஆகவே அழாதே. இஸ்ஸாவைப் படித்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். கிழிந்த தாளையும் சப்பிய காற்றாடியையும் அவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியதே அவருடைய தியானம்.

திபெத்திய மரபில் தன்வரலாறு தனி இலக்கிய வகையாகவே வளர்ந்தது. ஜிக்மே லிங்பா (1730–1798) தம் தியான அனுபவங்களை மறை நூல்களாகத் தனியே எழுதினார். அவற்றை ஆராய்ந்த ஜேனட் கியாட்சோவின் நூல் 1998இல் வந்தது. எனக்கு அதைவிட முக்கியமானவர் இன்றைய நேபாளத்தின் தோல்போ பகுதியில் வாழ்ந்த பிக்குணி ஓர்க்யன் சோக்கி (1675–1729). ஆடு மேய்த்து வளர்ந்தவர். குட்டி செத்தபின் தாய் ஆடு படும் பாட்டைப் பார்த்து, துக்கம் என்பது இன்னதென்று அறிந்துகொண்டவர். தம் வாழ்வை எழுத வேண்டும் என்று குருவிடம் கேட்டார். பெண்ணுக்கு அது எதற்கு என்று அவர் மறுத்துவிட்டார். ஆனாலும் அந்த நூல் எழுதப்பட்டது. அதே தோல்போவுக்கு 1973இல் நடந்து போனவர் அமெரிக்க எழுத்தாளர் பீட்டர் மத்திசென். முந்தைய ஆண்டில் மனைவியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், ஜென் பயின்றவர். 1978இல் வந்த அவருடைய பனிச்சிறுத்தை நூலில் அவர் பனிச்சிறுத்தையைப் பார்ப்பதே இல்லை. பற்றறுத்தல் பற்றிய அருமையான பக்கங்கள் அதில் உண்டு. தாயை இழந்த எட்டு வயது மகனை வீட்டில் விட்டுவிட்டுத்தான் அவர் மலையேறினார் என்பதும் அதே நூலில் இருக்கிறது. அதை அவர் மறைக்காததால்தான் பற்றறுத்தல் பற்றி அவர் சொல்வதைக் கேட்க முடிகிறது.

தர்மானந்த கோசாம்பியின் நிவேதன் (1924) இந்த வகையில் இந்தியாவின் முக்கிய நூல். கோவாவில் 1876இல் பிறந்தவர், புத்தரைப் பற்றி அறிய வேண்டும் என்ற ஒரே வேட்கையில் மனைவியையும் மகளையும் விட்டு வெளியேறி, காசி, நேபாளம், இலங்கை, பர்மா என்று அலைந்தார். பெரும் அறிவுப் பயணம்தான். ஆனால் வீட்டில் இருந்த பெண்ணின் பக்கம் அவருடைய மராத்தி நூலில் இல்லை, இருக்கவும் முடியாது. துறவு பற்றிய எல்லாத் தன்வரலாறுகளிலும் இந்த வெற்றிடம் உண்டு. வாசகர் அதைப் பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும்.

இனி அறிவியல் சொல்வது. 1986இல் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் அமெரிக்க மாணவர்களிடம் அந்தச் செய்தியை எங்கே எப்படி அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கினார் உளவியலாளர் உல்ரிக் நைசர். இரண்டரை ஆண்டு கழித்து அதையே மறுபடி கேட்டபோது பலர் வேறு கதை சொன்னார்கள், உறுதியாகவும் சொன்னார்கள். அவர்களுடைய பழைய கையெழுத்தையே எடுத்துக் காட்டிய பிறகும் புதிய நினைவைக் கைவிட மறுத்தவர்கள் உண்டு. 2013இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு 19,000க்கும் மேற்பட்டோரைக் கேட்டுக் கண்டது இது: கடந்த பத்தாண்டில் தாம் நிறைய மாறியதாக எல்லா வயதினரும் ஒப்புக்கொள்கிறார்கள், அடுத்த பத்தாண்டில் அவ்வளவு மாற மாட்டோம் என்றும் நினைக்கிறார்கள். மாற்றம் தன்னோடு முடிந்துவிட்டது என்ற இந்த மயக்கம்தான் தன்வரலாறுகளைக் கெடுப்பதில் முதலிடம் பெறுவது.

ஓய்வு பெற்றவர்கள் எழுதும் வாழ்க்கைக் குறிப்புகளைப் படித்துச் செப்பம் செய்து தருவது என் வேலைகளில் ஒன்று. பெரும்பாலானவற்றில் ஏழு வயதுப் பையன் எழுபது வயதுக்காரரின் கருத்துகளோடுதான் பள்ளிக்கூடம் போகிறான். சாதியை அப்போதே வெறுத்தான், அம்மாவின் உழைப்பை அப்போதே உணர்ந்தான் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைவிருக்கிறது. ஆனால் நடுவே எங்கோ ஒரு பக்கத்தில், அம்மா கிணற்றடியில் தலைசுற்றி விழுந்த அன்று தனக்கு மாலை ஆட்டம் போய்விட்டதே என்றுதான் கோபம் வந்தது என்று ஒரு வரி தப்பி வந்திருக்கும். அந்த வரியைக் கண்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிடுவேன். அங்கே அந்தப் பையன் உயிரோடு இருக்கிறான்.

இதுவரை சொன்னவற்றில் மாற்றம் பெரும்பாலும் இழப்பாகவே வந்தது. அதைப் புரட்டிப்போட்டவர் அம்பேத்கர். 1930களில் அவர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் சிறு தன்வரலாற்றுக் குறிப்பில் 1901இல் நடந்த ஒரு பயணம் வருகிறது. தந்தையைப் பார்க்கப் புறப்பட்ட சிறுவர்கள் நல்ல உடையணிந்து மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார்கள். மஹார் சாதி என்று தெரிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறிவிடுகிறது. எந்த வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டுவது, வண்டிக்காரர் கூடவே நடந்து வருவது என்று ஏற்பாடாகிறது. கட்டுச்சோறு கையில் இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவைக் கழிக்கிறார்கள். எதுவும் மாறாது என்று சொல்லிவைத்த ஓர் அமைப்பு, ஒரு சிறுவனின் தொண்டையில் என்ன செய்தது என்பதை அந்தப் பக்கங்கள் காட்டுகின்றன. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், பொருள்கள் நிலையற்றவை என்பதாலேயே வளர்ச்சி சாத்தியமாகிறது என்று வாதிடுகிறார். பிறப்பால் வந்த இழிவு நிலையானது என்று சொல்லப்பட்டவர்களுக்கு நிலையாமை துக்கச் செய்தி அன்று, விடுதலைச் செய்தி. அவருக்கு முன்பே 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசரும் இந்த வழியில் நடந்தவர்.

அந்த விடுதலையைத் தன்வரலாறாக எழுதியவர்களுள் பேபி காம்ப்ளே தனித்து நிற்கிறார். கணவருக்குத் தெரியாமல் தாள்களை ஒளித்து வைத்து எழுதியவர். 1986இல் நூலாக வந்த அவருடைய ஜிண அமுச்ச, தன்வரலாறு என்று பெயர் பெற்றாலும் தனி ஒருத்தியின் கதை அன்று. பக்கத்துக்குப் பக்கம் 'நாங்கள்' என்றே பேசுகிறது. கிராமத்து மஹார் தெருவின் பசி, மாமியார் வீட்டுக் கொடுமை, சாமியாட்டம், அம்பேத்கரின் பேச்சைக் கேட்டு அதெல்லாம் அசையத் தொடங்கிய நாட்கள் அதில் உள்ளன. தன் மக்களின் பழைய மூடநம்பிக்கைகளை அவர் மறைக்கவும் இல்லை, அவற்றுக்காக அவர்களை இகழவும் இல்லை. மாறாத 'நான்' இல்லை என்னும் அனாத்மக் கொள்கையை விளக்கும் தத்துவ நூல்கள் ஆயிரம் உண்டு. 'நான்' என்பது தெருவும் பசியும் பிறர் சொல்லும் சேர்ந்து ஆனது என்பதை வாழ்ந்து காட்டிய எழுத்து என்று கேட்டால் நான் இந்த நூலையே எடுத்துக் கொடுப்பேன்.

தம் வாழ்வை எழுத நினைத்திருக்கும் வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பழைய நாட்குறிப்பு இருந்தால் அதைத் திருத்தாதீர்கள். இன்று கூச்சம் தருகிற வரிகளை அப்படியே விடுங்கள். உங்களால் விட்டுச் செல்லப்பட்டவர் உயிரோடு இருந்தால், அந்தப் பகுதியை அவரிடம் படித்துக் காட்டி, அவர் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்தின் அடியிலும் அதை எழுதிய தேதியைப் போடுங்கள். ஐந்தாண்டு கழித்து உங்கள் கருத்து மாறினால் பழையதை அடிக்காமல் கீழே புதுத் தேதியிட்டு எழுதுங்கள்.